ஆதம்பாவா ஓடாவி கிற்றாருக்கு விளிம்பு கட்டின கதை

கிண்ணியாத் துறையில் பாதை ஏறி இறங்குகிற சனத்தில் மரவேலை செய்கிற ஆதம்பாவா ஓடாவியைத் தெரியாதவர்கள் குறைவு. ஆளையும் ஆட்டையும் லொறியையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு ஆற்றுவாயைக் கடக்கிற அந்த மிதவைக்கு அங்கே பாதை என்றுதான் பெயர். தெரியாத ஒருவர் அதில் அகப்பட்டுவிட்டால் ஓடாவி தாமே பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். பாதை அக்கரை சேர்வதற்குள் அந்த மனிசனுக்கு ஓடாவியின் வரலாறு முழுக்கப் பாடமாகிவிடும்.

வரலாறு ஒன்றும் நீளமானதல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படைக்காரர்களின் வள்ளங்களைப் பழுதுபார்க்கும் பகுதியில் பதினாறு வருடம் வேலை. ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளைக்காரன் மூட்டை கட்டிப் போனபிறகு, பாதைத் துறையின் நகரப் பக்கக் கரையில் சொந்தமாக ஒரு தகரக் கொட்டில். அதுதான் பட்டறை. வீடு கிண்ணியாக் கரையில். காலையில் பாதை ஏறி வேலைக்கு வருவார், பின்னேரம் பாதை ஏறி வீட்டுக்குப் போவார். இந்தச் சின்ன வரலாற்றை அவர் சொல்லும்போது மட்டும் எப்படியோ வீங்கிவிடும். "கட்டை நான் சொன்னாக் கேக்கும்" என்பதுதான் ஒவ்வொரு தரமும் அவர் முடிக்கிற இடம்.

வாய்தான் இப்படியே தவிர, கை பொய் சொல்லாத கை. அதையும் சொல்லத்தான் வேண்டும். பலகையைத் தட்டிப் பார்த்து உள்ளே உக்கல் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவார். மரம் செதுக்குகிற அவருடைய வாச்சி ஒரு தரம் கொத்தின இடத்தில் சீவுளி போடத் தேவையில்லை என்று மூதூர்க்காரர்கள்கூட ஒப்புக்கொள்வார்கள். அந்த வாச்சியை அடித்துக் கொடுத்தது கிளமென்ற் பார்த்தலோட். போர்த்துக்கீசர் வழிவந்த பாலையூற்றுப் பறங்கியர். அதே துறைமுகத்தில் இரும்பு வேலை செய்தவர். உடைந்த லொறி வில்லுத் தகட்டைக் காய்ச்சி அடித்து, தன் கூட்டாளிக்கென்றே செய்த வாச்சி அது. பிடி தேய்ந்து ஓடாவியின் உள்ளங்கைக்கு அச்சாகிவிட்டது. வேறு ஆள் பிடித்தால் கை நோகும்.

அறுபத்திரண்டாம் ஆண்டு வைகாசி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, அந்தப் பார்த்தலோட் பழைய போர்வையில் சுற்றின ஒரு கிற்றாரோடு பஸ்சால் வந்து இறங்கினார். பட்டறைக்குப் பக்கத்தில் ஸெய்னுதீனின் தேத்தண்ணிக் கடை. ஓடாவி அங்கேதான் இருந்தார், வழக்கம்போல் நடுவில். பாதைக்குக் காத்திருந்த நாலைந்து பேர் சுற்றிவர இருந்தார்கள்.

"மச்சான், வாற ஞாயித்துக்கிழமை மகள் அஞ்சலினுக்குக் கலியாணம்" என்று பார்த்தலோட் போர்வையை விலக்கினார். "அப்பாட இந்தக் கிற்றார் பாடாம எங்கட வீட்டில ஒரு கலியாணமும் நடந்ததில்ல. இப்ப இதின்ட கோலத்தைப் பாரு."

கடல் ஈரம் ஏறி, கிற்றாரின் விளிம்பைச் சுற்றி ஓடின மெல்லிய மரக் கீலம் உக்கிக் கழன்று போயிருந்தது. முகப்புப் பலகையும் பக்கப் பலகையும் சேரும் மூலையை மூடிக் காப்பது அந்தக் கீலம்தான். அது போனதால் மூட்டு வாய் பிளந்து நின்றது. விரலால் சுண்டினால் சளி பிடித்தவன் போல இருமியது.

"கொழும்புக்கு அனுப்பினா மூண்டு மாசம் எண்டுறாங்கள். உனக்கு ஏலுமா, ஏலாதா? ஏலாதெண்டாச் சொல்லு, கோவிக்க மாட்டன்."

ஏலாது என்ற சொல்லை ஓடாவிக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்லக்கூடாது. அது போதாதென்று ஸெய்னுதீன் வேறு, பிளேன்ரீ ஆற்றிக்கொண்டே, "காக்கா, இது வள்ளமில்ல. பலகை பப்படம் மாதிரி இருக்கு, பாத்து" என்று எண்ணெய் ஊற்றினான். அண்ணன் முறை வைத்து அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

ஓடாவி எழுந்து நின்றார். "நாப்பதடி வள்ளத்துக்கு விளிம்பு கட்டினவன் நான். இந்த ஒண்டரை முழச் சாமானுக்கு என்ன? வேற ஒருத்தர்ட கையும் படாம நானே கட்டித் தாறன். சனிக்கிழமை பின்னேரம் வந்து பாருங்க. இது சரிவராட்டியும் சரி, வேற கை பட்டாலும் சரி, கிளமென்ற், நீ அடிச்சுத் தந்த வாச்சியை உன்ட கையிலயே திருப்பித் தந்திடுவன். பிறகு நான் ஓடாவியுமில்ல, கட்டையும் தொடமாட்டன்."

"பந்தயமா காக்கா?" என்றான் ஸெய்னுதீன்.

"பந்தயம் ஹறாம். இது வாக்கு."

வாக்கைக் கொடுத்துவிட்டு ஓடாவி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பட்டறைக்குள் போனார். பயமென்று ஒன்றும் அப்போது இல்லை.

முதல் இரண்டு நாளும் வேலை வெண்ணெய்போலப் போயிற்று. சமண்டலை மரத்தில் கீலம் கிழித்தார். அதை நனைத்து, நெருப்பில் காய்ந்த இரும்புக் குழாயில் அழுத்தி, கிற்றாரின் வளைவுக்கு வளைத்தார். பலகை வளைக்கிறது அவருக்குப் பழகின வேலை. மூட்டில் பழைய பசையைச் சுரண்டி, வச்சிரப் பசை காய்ச்சிப் பூசி, கீலத்தை வைத்து, பழைய சைக்கிள் ரியூப்பைக் கீறிக் கிற்றாரைச் சுற்றி இறுகக் கட்டினார். புதன்கிழமை காலையில் ரியூப்பை அவிழ்த்தபோது கீலம் அசையவில்லை. வெளிமூலையை உருட்டி, எண்ணெயும் பூசி, பாதையில் வந்த ஒருவரிடம் பார்த்தலோட்டுக்குச் சொல்லி அனுப்பினார். சனிக்கிழமை எதற்கு, இப்போதே வந்து பார்க்கட்டும்.

பார்த்தலோட் வந்தார். பார்த்தார். கிற்றாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகப் போய் மரக்குற்றியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

"மச்சான், இதில எஞ்சின் எங்க பூட்டப்போறாய்?"

ஓடாவிக்கு விளங்கவில்லை. வள்ளத்தின் விளிம்பைச் சுற்றி ஒரு கட்டை ஓடும். அது உடம்பைவிட வெளியே துருத்தி நிற்கவேண்டும். துறையில் முட்டும்போது அடி வாங்குவது அதுதான், அது இருந்தால்தான் வள்ளத்தின் பலகை தப்பும். கடலில் பிழைக்கிறவன் எவனைக் கேட்டாலும் விளிம்பென்றால் அதுதான் என்பான். அதனால் ஓடாவி கிற்றாருக்கும் அப்படியே கட்டிவிட்டார். கீலம் சுற்றிவர அரை விரலளவு வெளியே தள்ளிக்கொண்டு நின்றது, அழகாக உருட்டி, மினுமினுவென்று.

"விளிம்பெண்டா அடி வாங்கத்தானே?" என்றார் ஓடாவி, முகம் சிவந்து. "துருத்தி நிக்காட்டி அது என்னத்துக்கு?"

"இதை நான் அலஸ்தோட்டத்துக்குக் கடலால ஓட்டிக்கொண்டு போகப்போறனா? கட்டிப்பிடிச்சுப் பாரன்."

ஓடாவி வாத்தியத்தை நெஞ்சோடு அணைத்துப் பார்த்தார். கீலம் விலாவில் குத்தியது. மேலே போட்ட கையில் அறுத்தது. பார்த்தலோட் விரலால் காட்டிச் சொன்னார்: கீலமும் பலகையும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். கண்ணை மூடித் தடவினால் எங்கே பலகை முடிகிறது, எங்கே கீலம் தொடங்குகிறது என்று கைக்குத் தெரியக்கூடாது.

"அவ்வளவுதானே. வழிச்சுத் தாறன்" என்றார் ஓடாவி.

சொல்வது லேசு. வியாழக்கிழமை சின்னச் சீவுளியை எடுத்து, கிற்றாரின் தோளிலிருந்து இடுப்புப் பக்கமாகச் சீவினார். ஐந்தாவது சீவலில் அலகு கீலத்தின் நாருக்கு எதிர்ப்பட்டுத் துள்ளி, முகப்புப் பலகையில் கடித்தது. பெருவிரல் நகமளவு சிராய் ஒன்று நிமிர்ந்து நின்றது. பலகையின் தடிப்பே இரண்டு தீப்பெட்டி மட்டைதான். இன்னொரு கடி கடித்தால் ஓட்டைதான்.

ஓடாவி சீவுளியைக் கீழே வைத்தார். சிராயைப் பசை வைத்துப் படுக்கவைத்தார். உளியை எடுத்தார், வைத்தார். வாச்சியைப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தமாதிரி இருந்தது. அவருடைய பட்டறையில் இருந்த ஆயுதம் எல்லாம் கடலுக்குப் போகிற கட்டைக்குச் செய்த ஆயுதம். இந்தப் பப்படத்தை வழிக்க அதில் ஒன்றும் இல்லை. பின்னேரப் பாதையில் அவர் யாருக்கும் வரலாறு சொல்லவில்லை. போர்வைக்குள் கிற்றாரை வைத்துக்கொண்டு மூலையில் நின்றார். சனம் அவருக்குக் காய்ச்சல் என்று நினைத்தது.

வீட்டில் அவருடைய மனைவி அசனா, குசினிக்குப் பின்னால் கிணற்றடியில் சிரட்டை அகப்பை சுரண்டிக்கொண்டிருந்தாள். அசனாவின் அகப்பைக்குக் கிண்ணியாவில் நல்ல பெயர். சிரட்டையின் தும்பையும் கரட்டையும் உடைந்த கண்ணாடியால் சுரண்டிச் சுரண்டி, முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்கு வழித்துவிடுவாள். ஓடாவி அதை ஒரு வேலையாக மதித்ததில்லை. கண்ணாடியால் சுரண்டுகிறதெல்லாம் பொம்பிளைகளின் பொழுதுபோக்கு என்பது அவருடைய கட்சி.

கிற்றாரை அவள் வாங்கிப் பார்த்தாள். சிராயையும் பார்த்தாள்.

"கப்பல் கட்டின கைக்கு இது காணாதுபோல."

"வாயை மூடு. சனிக்கிழமை குடுக்கோணும்."

வாக்குக் கொடுத்ததை அவர் சொல்லவில்லை. சொன்னால் என்ன கேட்கவேண்டிவரும் என்று அவருக்குத் தெரியும்.

"இஞ்ச பாருங்க" என்று அசனா தன் கண்ணாடித் துண்டைக் காட்டினாள். கை வெட்டாமலிருக்க அதன் ஓரத்தில் பாதிக்கு ஒட்டுப் பிளாஸ்டர் சுற்றியிருந்தாள். "பிளாஸ்டர் பக்கம் சிரட்டையில ஏறிக்கொண்டு போகும். வெறும் கண்ணாடி கரட்டை மட்டும் பிடிக்கும். நல்ல இடத்தில காயம் வராது."

"அகப்பை சுரண்டுற கண்ணாடியால கிற்றாரா?" என்றார் ஓடாவி. சொல்லி முடிக்கு முன்னரே அவருடைய கண் அந்தப் பிளாஸ்டரில் போய் நின்றுவிட்டது. பிளாஸ்டர் சுற்றின பாதி முகப்புப் பலகையில் ஏறி நிற்கும். வெறும் பாதி கீலத்தின் மேல் இருக்கும். கீலம் மட்டும் சீவுப்படும். பலகையில் அலகு படவே படாது. அட, இவ்வளவு காலமும் இது தன் கிணற்றடியிலேயா கிடந்தது என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு கழிவுப் பலகையில் கீலத்துண்டை ஒட்டிச் சுரண்டிப் பார்த்தார்கள். வெங்காயத் தோல் போலச் சுருள் சுருளாக வந்தது. அதற்குப் பிறகு அசனா சொன்னாள், ஓடாவி கேட்டார். அது அந்த வீட்டில் புதினம். போத்தல் கண்ணாடி தடிப்பு, அது உதவாது. யன்னல் கண்ணாடிதான் நல்லம். அரத்தால் ஒரு கோடு கீறி, பலகை விளிம்பில் வைத்துத் தட்டினால் நேராக முறியும். முறிந்த ஓரம்தான் கூர். கூர் மழுங்கிச் சுருள் தூளாக மாறினதும் அந்தத் துண்டை எறிந்துவிட்டுப் புதிதாக முறிக்கவேண்டும். துண்டை முன்பக்கம் கொஞ்சம் சரித்துப் பிடித்துத் தன்னை நோக்கி இழுக்கவேண்டும். நார் எதிர்த்தால் மல்லுக்கட்டாமல் மறுபக்கத்திலிருந்து வரவேண்டும். கடைசியில் ஒரு மயிரிழை நிற்கும்போது பிளாஸ்டரைக் கழற்றிவிட்டு, மூச்சைப் பிடித்து இரண்டு இழுப்பு.

வெள்ளிக்கிழமை ஓடாவி பட்டறைக்குப் போகவில்லை. ஜும்ஆவுக்குப் போய் வந்த நேரம் தவிர முழுநாளும் கிணற்றடியில் குந்தியிருந்து சுரண்டினார். தோள் முடிந்தது. அடிவயிறு முடிந்தது. முதுகுப் பக்கத்து விளிம்பும் முடிந்தது. கீலம் பலகைக்குள் இறங்கி ஒரு செம்மண் கோடாக ஓடியது. வாய் மறுபடி திறந்துகொண்டது. "பாத்தியா, கட்டை நான் சொன்னாக் கேக்கும்" என்றார். அசனா சிரிப்பை அடக்கிக்கொண்டு உலை வைக்கப் போனாள்.

இடுப்புத்தான் கேட்கவில்லை. கிற்றாரின் பக்கப் பலகை உள்ளே குழிந்து வரும் இடம் அது. நேரான கண்ணாடி அந்தக் குழியில் இருக்காது. அதோடு நார் நடு இடுப்பில் திசை மாறுகிறது. சனிக்கிழமை விடியத் தொடங்கி நண்பகல் லுஹர் வரையும் ஓடாவி மல்லுக்கட்டினார். வாச்சி பிடித்த கை, அழுத்தாமல் இருக்கத் தெரியாத கை. "அழுத்தாதீங்க, தடவுங்க" என்று அசனா நாலு தரம் சொன்னாள். நாலு தரமும் நார் பிய்ந்தது. கடைசியில் அவர் கண்ணாடியை எறிந்துவிட்டு, முகம் கழுவி, பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். தொழுகையில் என்ன கேட்டார் என்பது அவருக்கும் படைத்தவனுக்கும்தான் தெரியும்.

திரும்பி வந்து பார்க்கும்போது இடுப்பு இரண்டும் முடிந்திருந்தது.

அசனா உடைந்துபோன லாம்புச் சிமினிக் கண்ணாடி ஒன்றை எடுத்து, அதன் வளைவான துண்டால் அந்தக் குழிவை வழித்திருந்தாள். சிமினியின் வளைவு இடுப்பின் வளைவுக்குச் சொல்லிவைத்த மாதிரிப் பொருந்தியிருந்தது. நடு இடுப்பில் நார் மாறுகிற இடத்தில் இரு பக்கத்திலிருந்தும் வந்து சந்தித்திருந்தாள். சந்தித்த இடத்தைக் கண்ணால் தேடினாலும் கிடைக்கவில்லை. ஓடாவி கண்ணை மூடிக்கொண்டு தடவினார். பலகை எங்கே, கீலம் எங்கே என்று கைக்குத் தெரியவில்லை. அவருக்கு நெஞ்சு நிறைந்து, கண்ணும் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோசத்தின் நடுவில்தான் வாக்கு நினைவுக்கு வந்தது. வேற கை பட்டிட்டுது.

"என்ன, பிடிக்கல்லையா?" என்றாள் அசனா.

"பிடிச்சிருக்கு" என்றார். போர்வையை எடுத்துக் கிற்றாரைச் சுற்றினார்.

பட்டறை பூட்டிக் கிடந்ததால் பின்னேரப் பாதையில் பார்த்தலோட் வீட்டுக்கே வந்தார். கடையைப் பூட்டிவிட்டு ஸெய்னுதீனும் வந்தான். துறையில் நின்ற இரண்டு மூன்று பேரும் கூடவே வந்தார்கள், வாச்சி கைமாறுவதைப் பார்க்கிற ஆசை. ஓடாவி வெளி விறாந்தையில் கதிரை போட்டார். அசனா குசினி வாசலில் நின்றாள்.

பார்த்தலோட் கிற்றாரை மடியில் வைத்து, கண்ணை மூடி, உள்ளங்கையால் விளிம்பைச் சுற்றி வந்தார். தோளில் தலையாட்டினார். அடிவயிற்றில் தலையாட்டினார். இடுப்பில் கை நின்றது. திரும்பப் போய் இன்னொரு தரம் தடவினார். கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"மற்ற இடமெல்லாம் நல்ல வேலை மச்சான். இந்த இடுப்புத்தான் வேலை. இப்பிடி ஒரு கை உனக்கு இருக்கெண்டு பதினாறு வருசம் ஒண்டா வேலை செஞ்சும் எனக்குத் தெரியாமப் போச்சே."

"அப்ப காக்கா வெண்டிட்டார்" என்றான் ஸெய்னுதீன்.

எல்லோரும் ஓடாவியைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்து வரலாறு தொடங்கப்போகிறார் என்று காத்திருந்தார்கள். சும்மா இருந்திருந்தால் போதும். அசனா எதுவும் சொல்லியிருக்கமாட்டாள். அவள் அந்தப் பாராட்டைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சிரிப்பை ஓடாவி பார்த்துவிட்டார். எழுந்து உள்ளே போனார், வாச்சியோடு வந்தார், அதைப் பார்த்தலோட்டின் மடியில் வைத்தார்.

"இடுப்பு என்ட வேலையில்ல. நான் நாலு தரம் பிய்ச்சனான். அது அசனாட கை. வேற கை பட்டிட்டுது. வாக்கு வாக்குத்தான்."

அசனா வாசலைத் தாண்டி வந்தாள். "என்ன வாக்கு?"

ஸெய்னுதீன் நடந்ததைச் சொன்னான். அசனாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "இதை ஏன் எனக்குச் சொல்லல்ல? சொல்லியிருந்தா நான் தொட்டிருக்க மாட்டனே."

"அதுதான் சொல்லல்லயாக்கும்" என்றார் ஓடாவி. "நீ தொட்டிராட்டி இடுப்பு இப்பிடி வந்திருக்காது."

இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவர் அவளைப் பாராட்டினது அதுதான் முதல் தரம். அவருக்கே அது விசித்திரமாக இருந்திருக்கவேண்டும், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பார்த்தலோட் வாச்சியைத் தூக்கிப் பார்த்தார், தான் அடித்த இரும்பைப் பெருவிரலால் தடவினார். "சரி. வாக்குப்படி இது இப்ப என்ட சாமான். என்ட சாமானை நான் விரும்பின ஆளுக்குக் குடுப்பன்." எழுந்துபோய் அசனாவிடம் நீட்டினார். "தங்கச்சி, பிடியுங்க. என்ட மகளின்ட கலியாணத்துக்கு நீங்க செஞ்ச வேலைக்கு, ஒரு அன்பளிப்பு."

அசனா இரண்டு கையாலும் வாங்கினாள். வாச்சி பாரம். பிடி அவள் கைக்குப் பொருந்தவில்லை. புருசனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க இனி ஓடாவியில்ல, கட்டை தொடமாட்டீங்க. அப்பிடித்தானே சொன்னது?"

"ஓம்."

"நல்லது. இந்த வாச்சிக்கு எனக்கொரு கூலியாள் வேணும். சொன்ன பேச்சுக் கேக்கிற ஆள். அழுத்தாதீங்க எண்டா அழுத்தப்படாது. வாறீங்களா?"

விறாந்தை முழுக்கச் சிரிப்பில் அதிர்ந்தது. பார்த்தலோட் சிரித்துச் சிரித்து இருமினார். ஓடாவி கொஞ்ச நேரம் யோசித்தார், பெரிய சம்பளம் பேசுகிறவர் மாதிரி.

"சாப்பாடு உண்டா?"

"உண்டு."

"அப்ப வாறன்" என்றார்.

கிற்றார் அந்த விறாந்தையிலேயே முதல் பாட்டைப் பாடியது. இருமல் ஓடிப்போய்விட்டது. மறுநாள் பாலையூற்றில் பெண்ணும் மாப்பிள்ளையும் அதற்கு ஆடினார்கள். அசனாவும் ஓடாவியும் முன் கதிரையில் இருந்து பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு பாலையூற்றிலிருந்தும் நகரத்திலிருந்தும் ஏன், மட்டக்களப்பிலிருந்தும்கூடப் பழுதான கிற்றார்கள் பாதையேறி வந்தன. கீலம் வளைத்துக் கட்டுவது ஓடாவி, இடுப்பு வழிப்பது அசனா. வாச்சி அவளுடைய பெட்டகத்தில் இருந்தது. தினமும் காலையில் அவர் குசினி வாசலில் நின்று, "முதலாளி, வாச்சி" என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் துறைக்குப் போவார். அறுபத்து நாலாம் ஆண்டுப் புயலில் பட்டறைத் தகரமெல்லாம் பறந்து கடலுக்குப் போனபோதும் வாச்சி தப்பினது அதனால்தான். உடைந்த சிமினி வீட்டில் இருந்தால் எறியாமல் கொண்டுவாருங்கள் என்று கிண்ணியா முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். எழுபதுகளின் கடைசியில், தாடி நரைத்து, நடை தளர்ந்த பிறகும் அவர் பாதையை விடவில்லை, வாயையும் விடவில்லை. தெரியாத ஒருவர் அகப்பட்டால் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். வள்ளம், துறைமுகம், வெள்ளைக்காரன் எல்லாம் முன்போல் வரும், முன்போல் வீங்கும்.

"அப்ப நீங்கதான் ஆதம்பாவா ஓடாவியா?" என்று அந்த மனிசன் கேட்பான்.

"ஓடாவியா, நானா? இல்ல மகன்" என்பார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "நான் அசனாவிட்ட வேலை செய்யிறன்."